ஆனால் தோழரின் முதல் பாதி

மாமனாரிடம் டீ வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ பதில் வராது. இதில் இரண்டு அம்சங்கள் இருக்கின்றன என்று தொடங்குவார். டீ வேண்டாம் என்பவர்களின் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வார். வயிறு, வயது, ஏற்கெனவே குடித்தது, சர்க்கரை விலை என்று அந்தக் கட்சிக்கு அவரே வக்கீலாக நின்று வாதாடுவார். மருமகள் அதற்குள் டீயைப் போட்டு, ஆற்றி, அவர் கையில் கொடுத்துவிட்டுப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்திருப்பாள். ஆகவே டீ தேவைதான் என்ற முடிவுக்கு அவர் வந்து சேரும்போது டம்ளர் காலியாக இருக்கும்.

வீட்டில் யாரையும் நேராகக் குற்றம் சொல்லவும் மாட்டார். அது இன்னொரு தொல்லை. குழாய் சொட்டினால், தண்ணீர் தானாக நின்றுவிடும் என்று சில தோழர்கள் நம்புகிறார்கள் என்பார். வீட்டில் இருப்பதே மூன்று பேர். மருமகளின் கணவன் பஸ் டிரைவர். ஓட்டுநரிடம் பேசாதீர்கள் என்று எழுதிய பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து உட்கார்ந்து, அந்தப் பலகையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்ட மனிதன். அப்பா வாயைத் திறந்தால் அவன் செருப்பைத் தேடுவான். அவனையும் கழித்துவிட்டால் மிச்சம் யார்? சில தோழர்கள் என்றால் அந்த வீட்டில் மருமகள் ஒருத்திதான்.

வெளியே அவருக்கு வேறு பெயர். கட்சியிலும் தொழிற்சங்கத்திலும் ஆலை வாசல்களிலும் அவரை 'ஆனால் தோழர்' என்பார்கள். அவருடைய பேச்சு எப்போதும் இரண்டு பாதி. முதல் பாதியில் எதிராளியின் வாதத்தை எடுத்து வைப்பார். ஏனோதானோவென்று இல்லை, எதிராளியே கேட்டால் வாயைப் பிளக்கிற மாதிரி வைப்பார். முதலாளி பக்கத்தில் இவ்வளவு நியாயமா என்று கேட்கிறவனுக்கு மனசு கலங்கிவிடும். கடைசியில் ஒரு கேள்வி கேட்டு நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கூட்டம் மூச்சுக் காட்டாது. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மெதுவாக, "ஆனால், தோழர்களே" என்பார். அங்கிருந்து விழும் அடி. கட்டின கோட்டையைச் செங்கல் செங்கலாகப் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் இறங்குவார். விவரம் தெரிந்தவர்கள் முதல் பாதிக்கு டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள். "ஆனால் வந்துடுச்சா?" என்று கேட்டுக் கேட்டு, வந்ததும் டம்ளரை வைத்துவிட்டு ஓடி வருவார்கள்.

மருமகளும் அப்படி ஓடி வந்தவள்தான். சோப்பு ஆலையில் புதிதாகச் சேர்ந்த காலத்தில், வெயிலில் நின்று அந்த ஆனாலைக் கேட்டுவிட்டுச் சங்கத்தில் சேர்ந்தாள். அவருடைய மகனைப் பார்த்ததெல்லாம் அதற்கு அப்புறம். அதனால் அவரைத் திட்டும்போதெல்லாம் உள்ளே எங்கேயோ கொஞ்சம் உறுத்தும். வீட்டில் அவள் அவரை மாமா என்பாள். கூட்டத்தில் தோழர் என்பாள். வீட்டிலேயே தோழர் என்று கூப்பிட்டால் அவள் கொதிநிலையில் இருக்கிறாள் என்று அர்த்தம். அது அவருக்கும் தெரியும், டிரைவருக்கும் தெரியும்.

அந்த வாரம் முழுக்க அவள் கொதிநிலையில்தான் இருந்தாள். ஆலையில் அவள் பேக்கிங் பகுதி. வெட்டி, முத்திரை குத்தி வருகிற சோப்புக்குக் காகிதம் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, ஒட்டி அனுப்புகிற வேலை. அங்கே அத்தனை பேரும் பெண்கள். சங்கக் கிளையின் செயலாளரும் அவள்தான். நிர்வாகம் இப்போது ஓர் ஒப்பந்தத்தை நீட்டியிருந்தது. பேக்கிங்கை மூடிவிட்டு அந்த வேலையை வெளியே ஒரு காண்டிராக்டரிடம் கொடுத்துவிடுவார்களாம். மற்றப் பகுதிகளில் ஒருவரையும் தொடமாட்டார்களாம். கையெழுத்துப் போடுவதா, முடியாது என்று வேலைநிறுத்தத்துக்கு இறங்குவதா என்பதைத் தொழிலாளர்கள் கை தூக்கி முடிவு செய்யவேண்டும். பேக்கிங் பெண்கள் ஒரு கைப்பிடி. கொப்பரையில் காய்ச்சுகிறவர்கள், வெட்டுகிறவர்கள், லாரியில் ஏற்றுகிறவர்கள் எல்லாம் ஆண்கள், கூட்டம் கூட்டமாக. அந்த ஆண்கள் மறுத்துக் கை தூக்கினால்தான் பேக்கிங்கில் இருப்பவர்களுக்கு வேலை மிஞ்சும். அவளுக்கும்தான்.

அவர்களில் பாதிப் பேர் அவளிடம் நல்லபடியாகவே பேசியிருந்தார்கள். பயப்படாதே, உங்களை விட்டுவிடுவோமா என்று கொப்பரைப் பகுதியின் மூத்த ஆள் ஒருவரே சொல்லியிருந்தார். கொஞ்சம் தைரியம் கொடுத்தால் போதும், கை எழும்பிவிடும் என்று அவள் கணக்குப் போட்டாள். அதற்கு ஒரு நல்ல பேச்சு வேண்டும். சுருக்கமான பேச்சு. இங்கேதான் வந்தது வினை. தலைவர் பேசாமல் ஓட்டெடுப்பு நடத்துவதில்லை என்பது அந்தச் சங்கத்தின் பழக்கம். தலைவர் யார் என்றால் அவளுடைய மாமனார். இந்த ஆலை வாசலில் அவர் பேசிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. இருந்தாலும் தலைவர் தலைவர்தானே.

முந்தின நாள் சாயங்காலமே அவரைப் பிடித்து உட்காரவைத்தாள். ஒரு ஷிப்ட் வெளியே வந்து இன்னொரு ஷிப்ட் உள்ளே போகிற இடைவெளியில்தான் கூட்டம், ஆலைச் சங்கு ஊதிவிட்டால் ஒருத்தரும் நிற்கமாட்டார்கள், ஆகவே முதல் பாதியை விட்டுவிட்டு நேராக ஆனாலில் இருந்து தொடங்குங்கள் என்று கேட்டுக்கொண்டாள். கெஞ்சினாள் என்றே சொல்லலாம்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "சில தோழர்கள் அப்படி நினைக்கலாம்" என்றார்.

"சில தோழர்கள் இல்ல மாமா. நான். நான்தான் சொல்றேன்."

"சரி, நீ சொல்றதையே எடுத்துக்குவோம்மா. எதிரி சொல்றத அவனைவிட நல்லா நாம சொல்லணும். பாதி பலத்துல சொல்லி உடைச்சா, மீதி பாதி கேக்கறவன் மனசுல போய் உக்காந்துக்கும். ஆரம்பமே ஆனாலா இருந்தா அது பேச்சு இல்ல. வசவு."

நேரம் என்று அவள் மறுபடி இழுத்ததும் அவர் சிரித்தார். அந்த வாசலில் தனக்கு நேரம் ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை என்றார். எத்தனையோ கூட்டம் பேசியிருக்கிறாராம். அவர் கடைசி வார்த்தையைச் சொல்லி வாயை மூடவும் சங்கு ஊதவும் அச்சு அடித்தமாதிரி இருக்குமாம். கடிகாரத்தையே பார்க்கமாட்டாராம், உடம்பில் ஊறிய கணக்காம். டிரைவர் அப்போது வீட்டில்தான் இருந்தான். மனைவி அவனைப் பார்த்தாள். அவன் செருப்பைப் பார்த்தான்.

மறுநாள் காலையில் ஆலை வாசலில் நல்ல கூட்டம். ராத்திரி ஷிப்ட் முடித்துக் கண் எரிய வந்தவர்களும், சாப்பாட்டுப் பையோடு உள்ளே போக வந்தவர்களும் கலந்து நின்றார்கள். மருமகள் ஏற்பாட்டில் குறை வைக்கவில்லை. வரவேற்புரை என்று பொருளாளர் எடுத்துவந்த காகிதத்தைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். மைக்கைத் தட்டிப் பார்த்தாள். பேக்கிங்கில் இருந்து ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு மாமனாரை அதன்மேல் ஏற்றிவிட்டாள். அவளால் செய்ய முடியாதது அவர் வாயைப் பிடித்துத் திருப்புவது ஒன்றுதான்.

முதலில் உலக நிலைமை வந்தது. அவள் பல்லைக் கடித்தாள். பிறகு நாட்டு நிலைமை. அவள் ஆலையின் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒருவழியாக சோப்பு வந்தது. வந்ததும் அவர் குரல் மாறிவிட்டது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

"தோழர்களே, நிர்வாகம் என்ன சொல்கிறது? காது கொடுத்துக் கேட்போமே. கடலில் ஒரு கப்பல் தள்ளாடுகிறது என்கிறது. சில மூட்டைகளை எறிந்தால் கப்பல் கரை சேரும் என்கிறது. எறியாவிட்டால் மூட்டையும் போகும், ஆளும் போவான், கப்பலும் போகும் என்கிறது. வீட்டில் பிள்ளைகளை வைத்திருக்கிற ஒருவன் இதைக் கேட்டால் என்ன செய்வான்? மூட்டைக்காக அழுவான். அழுதுகொண்டே எறிவான். அவன் கெட்டவனா? இல்லை. பயந்தவனா? இல்லை. அவன் தகப்பன்."

நிர்வாகத்தின் நோட்டீஸில் கப்பலும் கிடையாது, மூட்டையும் கிடையாது. உற்பத்திச் செலவு, போட்டிச் சூழல் என்று வறட்டு வறட்டென்று எழுதி, ஒருத்தரும் படிக்காமல் சுவரில் கிடந்த நோட்டீஸ் அது. அதற்கு இந்த மனிதர் உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார். கொப்பரைப் பகுதி மூத்தவர் தலையை ஆட்டுவதை அவள் பார்த்தாள். பக்கத்தில் நின்ற இளவயசு ஆட்கள் ஆனால் தோழரை முன்பின் கேட்டவர்கள் இல்லை. டீக்கடையில் உட்கார்ந்து ஆனாலுக்குக் காத்திருக்கிற பழைய ஆட்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். இவர்கள் முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் பெட்டிக்குப் பின்னால் போய் அவருடைய சட்டையை இழுத்தாள். அவர் கையைப் பின்னால் நீட்டி அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"தர்க்கம் சுத்தமாக இருக்கிறது. இரக்கமும் இருக்கிறது. இதற்கு நம்மிடம் என்ன பதில் இருக்கிறது, தோழர்களே?"

நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் நிதானமாக அதன் ஒரு கண்ணைத் துடைத்து, மறு கண்ணுக்கு வந்தார். சங்கு ஊதியது.

ஊதியது என்றால் சும்மா ஊதவில்லை, நெஞ்சுக்கூடு அதிர ஊதியது. அது ஓய்வதற்குள் பாதிக் கூட்டம் கேட்டுக்கு உள்ளே போய்விட்டது, மீதிக் கூட்டம் வீட்டைப் பார்க்க நடந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு "ஆனால்" என்று அவர் சொன்னபோது எதிரே நின்றது பேக்கிங் பெண்கள் மட்டும். அவர்களும் ஓடியாகவேண்டும். ஓட்டெடுப்பு சாயங்காலம், ஷிப்ட் விடும்போது என்று மருமகள் கத்திவிட்டு ஓடினாள். பெட்டிமேல் நின்றுகொண்டிருந்தவரைக் கை கொடுத்து இறக்கிவிடக்கூட ஆள் இல்லை.

இதோடு விட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். ஆலையில் பணியாளர் அதிகாரி ஒருவர் இருந்தார். வேலையை விட்டு நிறுத்துகிற காகிதத்தைக் கொடுக்கும்போதும் சிரித்துக்கொண்டே கொடுப்பார் என்பதால் அவருக்குப் புன்னகை என்று பெயர். புன்னகை காலையில் ஆபீஸ் ஜன்னலில் நின்று முழுப் பேச்சையும் போனில் பதிவு செய்திருக்கிறார். மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் கேண்டீன் ஒலிபெருக்கியில் அதைப் போட்டுவிட்டார். உலக நிலைமையை வெட்டிவிட்டார், நாட்டு நிலைமையை வெட்டிவிட்டார். அவள் கெஞ்சிக் கேட்ட சுருக்கம் அதுதான். கப்பலில் ஆரம்பித்து, தகப்பனில் ஏறி, "இதற்கு நம்மிடம் என்ன பதில் இருக்கிறது, தோழர்களே?" என்று முடிந்தது. உடனே சங்கு. கேண்டீனே சிரித்தது. பேக்கிங் பெண்கள் பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடினார்கள். லாரி ஏற்றுகிற ஒருவன் அவர்கள் பெஞ்சைத் தாண்டிப் போகும்போது, நம்ம மூட்டையெல்லாம் சாப்பிட்டாச்சா என்று கேட்டான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. வார்த்தை நன்றாக இருந்தது, நாக்கில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

மருமகள் கை கழுவுகிற குழாய்களுக்குப் பின்னால் போய் நின்று கட்சி ஆபீஸுக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் மாமனார் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, பதிவில் குரல் தெளிவாக இருந்ததா என்று கேட்டார்.

"தோழர்" என்றாள் அவள். பல் நெறிபட்டது. "சாயங்காலம் வாங்க. மிச்சப் பாதிய மட்டும் பேசுங்க. அத மட்டும்தான்."

வருகிறேன் என்றார். வந்தார். ஷிப்ட் விடுவதற்கு முன்பே வாசலில் நின்றார். அதுவரைக்கும் குறை சொல்ல முடியாது. அவள் வெளியே வந்ததும் ஓரமாகக் கூட்டிப் போய், தான் யோசித்துவிட்டதாகச் சொன்னார். காலையில் கேட்டவர்களும் மத்தியானம் பதிவில் கேட்டவர்களும் கலந்து நிற்பதால், முதல் பாதியை இன்னொரு தடவை, கொஞ்சம் விரிவாகவே நிறுவிவிட்டுப் பிறகு உடைப்பதுதான் முறை என்றார். கப்பல் உதாரணம் நன்றாக எடுபட்டிருப்பதாகத் தெரிகிறது, அதை இன்னும் பலப்படுத்தலாம் என்றும் சொன்னார்.

ஆட்கள் கேட்டைத் தாண்டி வந்து நின்று, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சங்கடப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த மனிதர் இங்கே நின்று எதிரியைப் பலப்படுத்தலாமா என்று கேட்கிறார். நேரம் இல்லை என்று அவள் சொன்னாள். நேரத்தை என்னிடம் விட்டுவிடு, காலையில் ஏதோ கோளாறு, அந்தச் சங்கு முன்கூட்டியே ஊதிவிட்டது என்று அவர் தொடங்கினார்.

பேக்கிங்கில் மூத்தவள் ஒருத்தி பக்கத்தில் நின்றாள். எல்லாருக்கும் பெரியக்கா. அவளுடைய புருஷன் கொதிகலன் அறையில் இருந்தவர், ஓய்வு பெற்றுவிட்டார். பெரியக்கா நாள் முழுக்க வாயைத் திறக்கவில்லை, இப்போது திறந்தாள்.

"சங்கு சரியாத்தான் ஊதுச்சு தோழர். இப்ப அது கடிகாரத்துல ஊதுது. அப்பல்லாம் எங்க வீட்டுக்காரர்தான் கயிறப் பிடிச்சு இழுப்பாரு. நீங்க முடிக்கிற வரைக்கும் கயிறப் பிடிச்சிட்டு நிப்பாரு, ஜன்னல்ல காதை வச்சுக்கிட்டு. நீங்க முடிச்சாத்தான் இழுப்பாரு. எத்தனை தடவை அதுக்கு மெமோ வாங்கியிருக்காரு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சோம்."

அவர் பெரியக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். மருமகள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. நானே பேசுகிறேன் என்று மைக்கைப் பிடுங்கிக்கொண்டு பெட்டிமேல் ஏறிவிட்டாள்.

அவளுக்கு இரண்டாவது பாதி தெரியாதா என்ன? சோறு பரிமாறும்போது கேட்டிருக்கிறாள், துணி மடிக்கும்போது கேட்டிருக்கிறாள். முதல் மூட்டையை எறிந்து பழகியவன் இரண்டாவது மூட்டையைத் தேடுவான் என்பதுதான் அதன் சாரம். அதையே சொன்னாள். எடுத்த எடுப்பில் சொன்னாள். "இன்னிக்கு எங்கள எறிஞ்சா நாளைக்கு அடுத்த மூட்டை நீங்கதான். உங்களையும் தூக்கிப் போடுவாங்க. அப்ப உங்களுக்காகக் கை தூக்க யாரு இருப்பா?"

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஒரு வார்த்தைகூடப் போய்ச் சேரவில்லை. எதிரே முகங்கள் இறுகுவது மேலே நின்ற அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. காலையில் அவர் அவர்களைத் தகப்பன் என்றார், கலங்கிப்போய் நின்றார்கள். சாயங்காலம் இவள் அவர்களைத் துரோகி என்றாள், அந்த வார்த்தையைச் சொல்லாமலே. பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்ற கொப்பரைப் பகுதி மூத்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாங்கள் என்ன செய்துவிட்டோம் என்று எங்களை இந்தப் போடு போடுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னார். மைக் அதையும் வாங்கிக்கொண்டது. அது பேச்சு இல்லை, வசவு. மாமனார் முந்தின நாளே சொல்லியிருந்தார். அவர் சொன்னது சரியாக இருந்தது என்பதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

ஒப்பந்தத்துக்கு ஆதரவாகக் கை தூக்கச் சொல்வதும் செயலாளருடைய வேலைதான். சொன்னாள். கைகள் எழுந்தன. எல்லாம் தெரிந்த கைகள். கொப்பரையில் வெந்து தழும்பு விழுந்த கைக்கு அவளே ஒருதரம் களிம்பு தடவிக் கட்டுப் போட்டிருக்கிறாள். அது கொஞ்சம் தயங்கித் தாழ்வாக எழுந்தது, இருந்தாலும் எழுந்தது. மறுப்பவர்கள் கை தூக்கலாம் என்றதும் பேக்கிங் பெண்கள் தூக்கினார்கள். அங்கே இங்கே சில ஆண்கள். எண்ணிப் பார்க்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் ஓடினார்கள்.

தோற்றால் அன்றைக்கே உட்கார்ந்து விமர்சனமும் சுயவிமர்சனமும் செய்வது சங்கத்தின் இன்னொரு பழக்கம். ஆலைக்கு எதிரே தகரக் கூரை போட்ட ஓர் அறை, இரண்டு பெஞ்சு, சொட்டுகிற ஒரு மண்பானை, அதுதான் சங்க அலுவலகம். வெளிச்சம் இன்னும் இருந்தது. பேக்கிங் பெண்களுக்கு வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் அவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். அழாதே என்று சொல்ல யாருக்கும் தெம்பு இல்லை. மருமகள் எழுந்து, பெட்டிமேல் ஏறியது தன் தவறு, கோபத்தில் ஏறினேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

மாமனார் எழுந்தார். பெஞ்சில் ஒரு பெருமூச்சு ஓடியது. மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். இனி முதல் பாதி வரும், அதில் அவளுடைய குறை வரும், அதை அவளைவிட நன்றாகச் சொல்வார், அப்புறம் ஒரு ஆனாலைப் போட்டு நொறுக்கிவிட்டுத் தன்னுடைய கட்சியை நிலைநாட்டுவார். இன்றைக்கு அதையும் கேட்டுத் தொலைக்கவேண்டும். கேட்டு முடித்து வீட்டுக்குப் போய் அவருக்குச் சோறும் போடவேண்டும்.

"இந்த அறையில் ஒரு பெண் தொழிலாளி இருக்கிறார்" என்று தொடங்கினார். சில தோழர்கள் என்று சொல்லவில்லை. "அவர் என்ன சொல்கிறார்? இந்த ஆள் எதிரியின் வாதத்தைத் தேடித் தேடிப் படித்தான் என்கிறார். முதலாளியின் மனசுக்குள் புகுந்து பார்த்தான் என்கிறார். பேக்கிங் பகுதிக்குள் ஒரு நாள் வந்து நின்று பார்த்தானா என்று கேட்கிறார். எதிரிக்கு ஒரு கப்பலே கட்டிக்கொடுத்தான். எங்களுக்கு என்ன பெயர் கொடுத்தான்? மூட்டை. அந்தப் பெயரோடுதான் நாளைக்கு நாங்கள் இந்த வாசலைத் தாண்டிப் போகப்போகிறோம் என்கிறார்."

மருமகள் கண்ணைத் திறந்தாள். அவள் இதைச் சொல்லவே இல்லை. இப்படி யோசித்ததும் இல்லை. யோசிக்கத் தெரிந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பாள்.

"இன்னொன்றும் சொல்கிறார். இந்த ஆளுடைய பேச்சால் இத்தனை வருஷம் ஜெயித்தோம் என்று இவன் நினைத்துக்கொண்டிருந்தான். கொதிகலன் அறையில் ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். கை வலிக்க நின்றான், மெமோ வாங்கிக்கொண்டு நின்றான். அவன் நின்றதால் இவன் பேசினான். அவன் பேர் இவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவேண்டும் என்று தோன்றவும் இல்லை. தொழிலாளி வர்க்கத்தைப் பற்றி விடிய விடியப் பேசுகிறவன் இவன்."

குரல் ஏறவில்லை. வாசலில் ஏறுகிற இடங்களில் இங்கே இறங்கியது. பெரியக்கா மடியில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டாள். அழுதுகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"இதற்கு நம்மிடம் என்ன பதில் இருக்கிறது, தோழர்களே?"

நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் ஒரு கண்ணைத் துடைத்தார், மறு கண்ணையும் துடைத்தார். சங்கு ஒன்றும் ஊதவில்லை. அவசரம் ஒருவருக்கும் இல்லை. எத்தனை நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு சொல்லலாம். வாழ்நாள் முழுக்க அவர் எப்போது முடிப்பார் என்று தவித்தவள் இப்போது அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு ஆனால். எதை வைத்தாவது, எவ்வளவு நீட்டியாவது, தன்னையே நொறுக்கிவிட்டாவது அவர் அதைச் சொல்லிவிட மாட்டாரா என்று அவளுக்கு இருந்தது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொள்ளவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பெஞ்சின் கோடியில், பெரியக்காவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

யாரும் கை தட்டவில்லை. பேச்சு முடிந்துவிட்டது என்று யாருக்கும் தெரியவில்லை.

"மாமா" என்றாள் மருமகள். சங்க அறையில் அவள் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "ஆனால்?"

"இல்லம்மா" என்றார் அவர்.